சிறிய வீட்டுக்கு எத்தனை கிலோவாட் விறகுக் கணப்பு வேண்டும்?

வாசகர் கேள்வி:

எங்களுடையது 7.5 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்ட ஒற்றைத் தள வீடு. மொத்தப் பரப்பு 45 சதுர மீட்டர். உள்கூரை உயரம் 2.4 மீட்டர். சமையலிடமும் சேர்ந்த கூடம் 28 சதுர மீட்டர். அதற்குப் பின்னால் இரண்டு சிறிய படுக்கையறைகள். மரச் சட்டகச் சுவர்களுக்குள் 10 சென்டிமீட்டரும் கூரைக்கு மேல் 15 சென்டிமீட்டரும் கனிமக் கம்பளி நிரப்பியிருக்கிறோம். சன்னல்கள் இரட்டைக் கண்ணாடி. குளிர்காலத்தில் பெரும்பாலான நாள்களில் வெளியே 5 முதல் 10 டிகிரி இருக்கும்; ஆண்டில் சில இரவுகள் −5 வரை இறங்கும். மூன்று பேர் வசிக்கிறோம். கடைக்காரர் 8 கிலோவாட் கணப்பு வாங்கச் சொல்கிறார். நண்பர் ஒருவர் 4 போதும் என்கிறார். பெரியதாகவே வாங்கி, தேவைக்கேற்பக் காற்றைக் குறைத்து எரித்துக்கொள்ளக் கூடாதா? இரவு முழுவதும் எரியவிட முடியுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நண்பர் சொன்னதே சரி. 4 கிலோவாட் திறனுள்ள கணப்பு உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். அந்த அளவில் மனத்துக்குப் பிடித்த மாதிரி கிடைக்காவிட்டால் 5 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். கடைக்காரர் உங்களை ஏமாற்றப் பார்த்தார் என்று நான் கருதவில்லை. எந்தக் கணக்கை வைத்து அவர் 8 என்றார் என்பதை எளிதில் ஊகிக்கலாம். அந்தக் கணக்கு உங்கள் வீட்டுக்குரியதன்று என்பதுதான் சிக்கல்.

கணப்பு விற்பவர்களிடையே புழங்கும் கைக்கணக்கு ஒன்று உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி வரும் கன மீட்டரை 14 ஆல் வகுத்தால் வேண்டிய கிலோவாட் கிடைத்துவிடும் என்பது அது. உங்கள் வீட்டின் கன அளவு 108. அதை 14 ஆல் வகுத்தால் 7.7 வரும், முழு எண்ணாக்கினால் 8. வெளியே உறைநிலையை ஒட்டிய குளிரும், உள்ளே 21 டிகிரியும், சுமாரான வெப்பக்காப்பும் உள்ள அறையை மனத்தில் வைத்து உருவானது இந்தச் சூத்திரம். நல்ல வெப்பக்காப்புள்ள வீடுகளுக்கு 20 அல்லது 25 ஆல் வகுக்க வேண்டும் என்ற திருத்தமும் அதனுடன் சேர்ந்தே வழங்குகிறது. ஆனால் கடையில் நின்று பேசும்போது அந்தப் பிற்பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. 25 ஆல் வகுத்துப் பாருங்கள், 4.3 தான் வரும்.

எந்த எண்ணால் வகுத்தாலும் இந்த முறையின் அடிப்படைக் குறை நீங்குவதில்லை. வீடு வெப்பத்தை இழப்பது தன் கன அளவினால் அன்று; சுவர், கூரை, தரை, சன்னல் ஆகிய பரப்புகளின் வழியாகவும், இடுக்குகளில் புகுந்து மாறிக்கொண்டேயிருக்கும் காற்றின் வழியாகவும்தான் இழக்கிறது. ஆகவே அந்த இழப்பையே நேரடியாகக் கணக்கிடுவது நல்லது. ஒரு தாளும் அரை மணி நேரமும் போதும்.

ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே, உள்ளுக்கும் வெளிக்கும் 1 டிகிரி வேறுபாடு இருக்கும்போது எத்தனை வாட் வெளியேறுகிறது என்பதை அந்தப் பரப்பின் யு மதிப்பு என்பார்கள். உங்கள் சன்னல்கள் மொத்தம் 7 சதுர மீட்டர், வாசற்கதவு 2 சதுர மீட்டர் என்று கொள்கிறேன். அவை போக மீதிச் சுவர் சுமார் 56 சதுர மீட்டர். நீங்கள் சொன்ன சுவருக்கு யு மதிப்பு ஏறத்தாழ 0.4, எனவே சுவர் வழியே டிகிரிக்கு 22 வாட். பழைய வகை இரட்டைக் கண்ணாடிக்கு 2.8 என்று வைத்தால் சன்னல்கள் வழியே 20 வாட், கதவு வழியே 5, கூரைக்கு 0.25 என்ற கணக்கில் 11; தரைக்கு 0.5 என்ற கணக்கில் 23. வீட்டிலுள்ள காற்று முழுவதும் மணிக்கு ஒருமுறை மாறுகிறது என்று கொண்டால், கன மீட்டருக்கு 0.33 வாட் வீதம் இன்னொரு 36. எல்லாம் சேர்ந்து டிகிரிக்கு ஏறக்குறைய 116 வாட். உள்ளே 20 டிகிரி வேண்டும், வெளியே −5 என்றால் வேறுபாடு 25 டிகிரி, பெருக்கினால் 2.9 கிலோவாட். உங்கள் வீடு மிகக் கடுமையான இரவில் இழக்கும் வெப்பம் இவ்வளவுதான்.

இதே வீட்டை, அளவில் ஒரு சென்டிமீட்டர்கூட மாற்றாமல், வெப்பக்காப்பு இல்லாத ஒற்றைச் செங்கல் சுவரும், வெறும் உள்கூரையும், ஒற்றைக் கண்ணாடிச் சன்னல்களும், காற்று தாராளமாகப் புகும் இடுக்குகளும் கொண்டதாகக் கற்பனை செய்து மறுபடி கணக்கிட்டுப் பார்த்தேன். அதே −5 டிகிரி இரவில் 8.6 கிலோவாட் வருகிறது. கன அளவு ஒன்றே. தேவை மூன்று மடங்கு. 14 ஆல் வகுக்கும் சூத்திரம் இந்த இரண்டு வீடுகளுக்கும் ஒரே விடையைத்தான் தரும். காப்பில்லாத வீட்டில் இருப்பவர் யாரேனும் இதைப் படித்தால், பெரிய கணப்புக்குச் செலவிடும் முன் கூரைக்குக் கம்பளி போடுவதைப் பற்றி யோசிக்கட்டும். அந்தக் கற்பனை வீட்டின் இழப்பில் கால்பங்குக்கு மேல் கூரை வழியாக மட்டுமே போகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2.9 கிலோவாட் என்பது ஆண்டில் சில இரவுகளுக்கான எண். வெளியே 7 டிகிரி உள்ள வழக்கமான குளிர்நாளில் உங்கள் வீட்டுக்கு வேண்டியது 1.5 கிலோவாட்தான். கணப்பைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் மிகக் கொடிய இரவையே நினைக்கிறார்கள். ஆனால் அதோடு வாழப்போவது சாதாரண நாள்களில். 1.5 கிலோவாட் தேவைப்படும் வீட்டில் 8 கிலோவாட் கணப்பை அதன் இயல்பான வேகத்தில் எரித்தால், கூடம் ஒரு மணி நேரத்துக்குள் புழுங்கத் தொடங்கும். நீங்கள் சன்னலைத் திறப்பீர்கள், அல்லது காற்றுத் திறப்பை மூடுவீர்கள். சன்னலைத் திறப்பது விறகுக்கு மட்டுமே நட்டம். காற்றை மூடுவதுதான் ஆபத்து. “குறைத்து எரித்துக்கொள்ளலாமே” என்ற உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது.

வாயு அடுப்பின் சுடரைத் திருகிக் குறைப்பதுபோல விறகின் தீயைக் குறைக்க முடியாது. விறகுக்கட்டை சூடேறும்போது முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. 200 டிகிரியைத் தாண்டியபின் மரமே சிதைந்து எரியக்கூடிய வாயுக்களை வெளிவிடுகிறது. உலர்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இவ்வாறு வாயுவாகப் போகிறது, மீதியே கரி. விறகின் ஆற்றலில் பாதிக்கு மேல் அந்த வாயுக்களில்தான் இருக்கிறது. அவை முழுமையாக எரிய 600 டிகிரி அளவுக்கு வெப்பமும், போதிய காற்றும், இரண்டும் நன்கு கலப்பதற்கான இடமும் வேண்டும். நீங்கள் காற்றைக் குறைத்தவுடன் சுடர் அடங்குகிறது, எரியறையின் வெப்பநிலை இறங்குகிறது. ஆனால் ஏற்கெனவே சூடேறிவிட்ட கட்டை வாயுவை வெளிவிடுவதை நிறுத்துவதில்லை. எரியாத அந்த வாயு புகையாக மேலே செல்கிறது. அறைக்கு வரும் வெப்பம் குறைந்தது உண்மைதான். விறகு வீணாவது குறையவில்லை.

அந்தப் புகை வெறுங்கையோடு போவதுமில்லை. புகைபோக்கியின் உட்சுவர் சுமார் 120 டிகிரிக்குக் கீழே இருந்தால், புகையிலுள்ள ஆவிகள் அங்கே குளிர்ந்து தாராகப் படிகின்றன. நீராவியும் அவற்றோடு சேர்கிறது. மரத்திலுள்ள ஹைட்ரஜன் எரிவதாலேயே நீர் உண்டாவதால், நன்கு உலர்ந்த ஒரு கிலோ விறகுகூட அரை லிட்டருக்கு மேல் நீரை ஆவியாக வெளியேற்றும். நாளடைவில் இந்தத் தார் பளபளப்பான கெட்டிப் படலமாக இறுகி, என்றோ ஒருநாள் நீங்கள் தீயை வேகமாக மூட்டும்போது தானே பற்றிக்கொள்கிறது. புகைபோக்கித் தீ என்று சொல்வது அதைத்தான்; குழாய்க்குள் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டக்கூடும், அருகிலுள்ள மரச் சட்டம் பற்றிக்கொள்ள அது போதும். கண்ணாடி கறுத்துப்போவதும், அக்கம்பக்கத்தார் புகையைப் பற்றி முறையிடுவதும் இதற்கு முன்னோடியாக வரும் அறிகுறிகள்.

காற்றை மூடாமல், பெரிய கணப்பில் கொஞ்சமாக விறகிட்டு எரிக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. பெரிய எரியறையின் செங்கற்களையும் உலோகத்தையும் சிறு தீயால் வேண்டிய வெப்பத்துக்குக் கொண்டுவர முடியாது. வாயுக்கள் எரியுமுன் குளிர்ந்துவிடும். இடத்தைக் குறைக்கவென்று உள்ளே கூடுதல் செங்கற்களை அடுக்குபவர்களும் உண்டு. காற்று வரும் துளைகளை அவை மறைத்துவிடக்கூடும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. பெரிய கணப்பைச் சரியாக எரிக்க ஒரே வழி, முழு வேகத்தில் சிறிது நேரம் எரித்து அணையவிடுவது. சாதாரண நாளில் உங்கள் வீட்டுக்கு 24 மணி நேரத்தில் வேண்டியது 36 கிலோவாட்–மணி. 8 கிலோவாட் கணப்பு அதை நான்கரை மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். மீதி நேரமெல்லாம் அது குளிர்ந்துபோன இரும்புப் பெட்டிதான். 4 கிலோவாட் கணப்பு அதே வெப்பத்தை 9 மணி நேரத்துக்குப் பரப்பித் தருகிறது: காலையில் கொஞ்சம், மாலை முதல் உறங்கப் போகும்வரை மீதி.

அப்படியென்றால் இழப்புக் கணக்கு காட்டிய 3 கிலோவாட் கணப்பையே வாங்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கணப்பு இரவும் பகலும் ஓயாமல் எரிவதில்லை என்பதால்தான் அதைச் சொல்லவில்லை. மிகக் குளிர்ந்த நாளில் மொத்தத் தேவை 70 கிலோவாட்–மணி. விழித்திருக்கும் 16 மணி நேரமும் 4 கிலோவாட் கணப்பு எரிந்தால் 64 வரும். மூன்று பேரின் உடல்களே ஆளுக்குச் சுமார் 100 வாட் வீதம் நாளுக்கு 7 கிலோவாட்–மணி தருகின்றன. சமையலும் மின்கருவிகளும் இன்னும் சிறிது சேர்க்கும். கணக்கு நேராகிவிடுகிறது. 3 கிலோவாட் கணப்பில் அந்த நாள் கைக்கு எட்டாது. வெளியூர் சென்று திரும்பும்போது குளிர்ந்து கிடக்கும் வீட்டைச் சூடேற்றவும் நெடுநேரம் ஆகும்.

இந்தக் கணக்கெல்லாம் விறகு உலர்ந்திருந்தால் மட்டுமே செல்லும். ஈரப்பதம் 20 விழுக்காடாக உள்ள ஒரு கிலோ விறகில் ஏறக்குறைய 4 கிலோவாட்–மணி ஆற்றல் உண்டு. 75 விழுக்காடு திறனுள்ள கணப்பில் அதில் 3 அறைக்கு வரும். ஆக, சாதாரண நாளுக்கு 12 கிலோ, மிகக் குளிர்ந்த நாளுக்கு 22 கிலோ அளவில் விறகு வேண்டும். ஈரம் 40 விழுக்காடானால் கிலோவுக்கு 2.8 கிலோவாட்–மணிதான் மிஞ்சும். அதோடு எரியறையும் குளிர்ந்து, மேலே சொன்ன புகைத் தொல்லை அனைத்தும் சரியான அளவுள்ள கணப்பிலும் வந்துசேரும். கணப்பு சிறியதாகிவிட்டது என்று குறைப்படுகிறவர்களில் பலருக்கு உண்மையில் சிறியதாக இருப்பது விறகின் உலர்ச்சியே. பிளந்த விறகை மழை படாமல், காற்றோட்டமாக, ஓராண்டு முதல் ஈராண்டு வரை அடுக்கி வையுங்கள்; ஓர் ஈரப்பத மானியை வாங்கி, புதிதாகப் பிளந்த உட்பக்கத்தில் குத்திப் பாருங்கள்.

இரவு முழுவதும் எரியவிடுவது பற்றி: முடியாது, முயலவும் வேண்டாம். 4 கிலோவாட் கணப்பில் ஒரு தடவைக்கு இடும் விறகு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ. அது ஏறத்தாழ ஒரு மணி நேரம் எரியும். சாதாரண விறகுக் கணப்புகளில் விடியும்வரை எரியும் என்று விளம்பரம் செய்யப்படுவது பெரும்பாலும் காற்றை மூடிப் புகையவிடுவதைத்தான். படுக்கப் போகுமுன் கடைசி விறகை நன்றாகச் சுடர்விட்டு எரியவிட்டு அணையவிடுங்கள். காற்றுக் கசிவு குறைவாக இருந்தால், சாதாரண இரவில் விடியற்காலைக்குள் வீடு மூன்று நான்கு டிகிரி இறங்கும். போர்வைக்குள் இருக்கும்போது அது பொருட்டன்று. −5 டிகிரி இரவுகளில் அதைப்போல் இருமடங்கு இறங்கக்கூடும். அந்தச் சில இரவுகளுக்காகப் பெரிய கணப்பு வாங்குவதைவிட, படுக்கையறையில் 1 கிலோவாட் மின்சூடேற்றி ஒன்றை வைத்துக்கொள்வது அறிவுடைமை.

அணைந்தபின்னும் சூடு நீடிக்க வேண்டும் என்று விரும்பினால், கிலோவாட்டைக் கூட்டாமல் எடையைக் கூட்டுங்கள். மெல்லிய எஃகுக் கணப்பு விரைவில் சூடேறி விரைவில் ஆறும்; வார்ப்பிரும்பு சற்றுத் தாமதிக்கும்; மாக்கல் போர்த்த கணப்பு பல மணி நேரம் சூட்டை வைத்திருக்கும். 200 கிலோ மாக்கல் 100 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஆறும்போது ஏறக்குறைய 3.8 கிலோவாட்–மணி வெளிவிடும். உங்கள் வீட்டுக்கு இது சாதாரண நாளில் இரண்டரை மணி நேரத் தேவை. உங்களைப் போன்ற நல்ல காப்புள்ள சிறு வீட்டுக்கு இந்த வகைதான் எனக்கு மிகவும் பிடித்தமானது. மரத்தரை அந்த எடையைத் தாங்குமா என்று மட்டும் முதலில் ஒரு பொறியாளரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள்.

விவரச்சீட்டைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பெயரளவுத் திறன். அதாவது, வரையறுத்த அளவு விறகை வரையறுத்த இடைவெளியில் இட்டுச் சோதித்தபோது கிடைத்த எண். சில நிறுவனங்கள் அதிகபட்சத் திறனையே பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. சில, மணிக்கு இத்தனை பி.டி.யு. (பிரிட்டிஷ் வெப்ப அலகு) என்று சொல்கின்றன. 3,412 பி.டி.யு. ஒரு கிலோவாட், வகுத்துக்கொள்ளுங்கள். “இத்தனை சதுர மீட்டரைச் சூடேற்றும்” என்ற வரியைப் படிக்காமலே தாண்டிவிடலாம். சுத்தமாக எரியும் குறைந்தபட்சத் திறன் குறிப்பிடப்பட்டிருந்தால் அது உங்களுக்கு மிகப் பயனுள்ள எண். 2 கிலோவாட்டை ஒட்டியதாக இருப்பது நல்லது. எரியறை 25 சென்டிமீட்டர் நீளக் கட்டையை ஏற்கிறதா என்றும் பாருங்கள். மிகச் சிறிய சில கணப்புகள் 20 சென்டிமீட்டருக்கு மேல் ஏற்பதில்லை. வாங்கும் விறகையெல்லாம் மறுபடி அறுத்துக்கொண்டிருப்பது சலிப்பூட்டும் வேலை.

கணப்பு கூடத்தில்தான் வரும் என்று எடுத்துக்கொள்கிறேன். படுக்கையறைக் கதவுகள் மூடியிருந்தால் கூடத்துக்கு மட்டும் 4 கிலோவாட்கூட அதிகம். திறந்து வைத்தால் வெப்பம் பரவும், ஆனாலும் அந்த அறைகள் கூடத்தைவிடச் சில டிகிரி குளிர்ந்தே இருக்கும். சிறு மின்விசிறியால் வெப்பத்தைத் தள்ள எண்ணினால், அதைப் படுக்கையறைத் தரையில் வைத்து, அங்குள்ள குளிர்ந்த காற்றைக் கூடத்தை நோக்கி வீசச் செய்யுங்கள். கூடத்தின் சூடான காற்று கதவின் மேற்பகுதி வழியே தானாக உள்ளே வரும். கூடத்திலிருந்து சூட்டை ஊதித் தள்ளுவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

காப்பு நன்றாக உள்ள சிறு வீட்டில் எரிகாற்று எங்கிருந்து வரும் என்பதும் அளவைப் போலவே முக்கியம். ஒரு கிலோ விறகு எரிய, உபரியையும் சேர்த்து 8 முதல் 10 கன மீட்டர் காற்று செலவாகும். உங்கள் கூடத்திலேயே சமையலிடமும் இருக்கிறது. அங்கே புகை உறிஞ்சும் மின்விசிறி இருந்தால், அது மணிக்கு நூற்றுக்கணக்கான கன மீட்டரை வெளியே தள்ளி, புகைபோக்கியின் இழுப்பையே தலைகீழாக்கி, புகையையும் கார்பன் மோனாக்சைடையும் கூடத்துக்குள் இழுத்துவிடக்கூடும். ஆகவே வெளிக்காற்றைத் தனிக் குழாய் வழியே நேராக எரியறைக்குக் கொண்டுவரும் மாதிரியையே தேர்ந்தெடுங்கள். கணப்பு எரியும்போது அந்த விசிறியை ஓட்டுவதானால் அருகில் ஒரு சன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கூடத்தில் ஒன்று, படுக்கையறைப் பக்கம் ஒன்று கட்டாயம் வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

கடைசியாகப் புகைபோக்கி. ஒற்றைத் தள வீடு என்பதால் இதில் உங்களுக்குத் தடங்கல் வரக்கூடும். கணப்பின் மேலிருந்து உச்சிவரை குறைந்தது 4.5 மீட்டர் உயரம் இருந்தால்தான் நம்பகமான இழுப்பு கிடைக்கும். உங்கள் உள்கூரை 2.4 மீட்டரே என்பதால் குழாயின் பெரும்பகுதி குளிரில் நிற்கும். எனவே இரட்டைச் சுவருக்கிடையே காப்பு நிரப்பிய எஃகுக் குழாயே வேண்டும். விட்டம், தயாரிப்பாளர் அந்த மாதிரிக்குச் சொன்னது எதுவோ அதுவே, பெரும்பாலும் 125 அல்லது 150 மில்லிமீட்டர். குழாயில் வளைவுகளைத் தவிர்த்து நேராக ஏற்றுங்கள். உங்கள் சுவர்கள் மரச் சட்டகம் என்பதால், பக்கங்களிலும் பின்புறத்திலும் முன்புறத்திலும் எத்தனை சென்டிமீட்டர் விடவேண்டும் என்று அந்த மாதிரியின் தகட்டில் குறித்திருப்பதை எழுதிக்கொண்டு, கூடத்தின் தரையில் சுண்ணக்கட்டியால் அந்த எல்லையை வரைந்து பாருங்கள். நடப்பதற்கும் நாற்காலி போடுவதற்கும் இடம் மிஞ்சாவிட்டால் வெப்பக் கவசமுள்ள வேறு மாதிரியைத் தேட வேண்டியிருக்கும். இதையும் புகைபோக்கி கூரையைத் துளைத்து வெளியேறும் இடத்தையும் தகுதி பெற்ற பொருத்துநர் ஒருவர் நேரில் பார்த்து ஒப்புக்கொண்டபின் முன்பணம் கொடுங்கள்.